குன்னூர் ஈரத்தில் காமிக்ஸ் வேட்டை

பழைய காமிக்ஸ் தேடுகிற நண்பர்கள் கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு கட்டைப் பார்த்ததும் எந்த வருஷம், என்ன விலை என்று ஆரம்பிப்பார்கள். நான் குன்னூரில் இருப்பவன், எனக்கு முதல் கேள்வி "இதை இத்தனை நாள் எங்கே வச்சிருந்தீங்க?" என்பதுதான். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில், மதியம் மூன்று மணிக்கே ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற ஊரில், புத்தகத்தின் வயதைவிட அது இருந்த இடத்துக்குத்தான் மதிப்பு. எண்பதுகளில் வந்த ஒரு ராணி காமிக்ஸ் சமவெளியில் பழுப்பேறி, ஓரம் நொறுங்கியாவது கைக்குக் கிடைக்கும். இங்கே ஈரச்சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருந்தால் பத்து இதழும் ஒட்டிக்கொண்டு ஒரே செங்கல்லாக வரும். வலிந்து பிரித்தால் ஆள் ஒரு பக்கத்தில் இருப்பார், அவர் பேசும் பலூன் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். இந்தக் கிறுக்குக்கு இதைவிடத் தோதான தொழில் கிடையாது. பழைய வீடுகளில் பரண்மேல் ஏறாமல் வயர் இழுக்க முடியாது, ஏறினால் அந்த வீட்டுக்காரர்களே மறந்துபோன சாமான்களெல்லாம் நம் கண்ணில் படும். (என் நாயகனும் கரண்டு சம்பந்தப்பட்டவர்தான். இரும்புக்கை மாயாவிக்கு ஷாக் அடித்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். எனக்கு அடித்தபோதெல்லாம் உடம்பு நன்றாகவே தெரிந்தது, கை மட்டும் ஒரு மணி நேரம் மரத்துக் கிடந்தது.) ஆனால் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். வேலை முடித்து, கூலி வாங்கி, பையைக் கட்டிய பிறகுதான் புத்தகப் பேச்சு. வேலைக்கு நடுவில் கேட்டால் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள், இல்லையென்றால் இவன் பரணில் வேறு எதையெல்லாம் நோட்டம் விட்டானோ என்று சந்தேகம் வரும். இரண்டும் பிழைப்புக்கு ஆகாது.

புதிதாக வருகிறவர்களுக்காக, எதைத் தேடுவது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1970-களின் தொடக்கத்தில் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984 ஜூலையில் அதே சிவகாசிக் குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் கிளம்பின. லயனுக்கு உளவு நாயகி மாடஸ்டி, ராணிக்கு ஜேம்ஸ் பாண்ட். ராணி 2005 வரை, மாதம் இருமுறை வந்ததால் மலையில் அதிகம் அகப்படுவது அதுதான். முத்து பழைய இதழ்கள் அபூர்வம். பம்பாயிலிருந்து 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்பு அதைவிட அபூர்வம். யாராவது "மாயாவி புக் இருக்கு" என்றால் ஓடாதீர்கள், இரும்புக்கையா, முகமூடி போட்டுக் குதிரையில் போகிறவரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடிக்காரர், அதாவது ஆங்கிலத்து ஃபேன்டம், முத்துவில் அவரே வேதாளர். இந்தக் குழப்பத்தில் நான் கூடலூர் வரை போய் வந்திருக்கிறேன். போனதில் நஷ்டமில்லை, முகமூடிக்காரரும் எனக்கு வேண்டியவர்தான்.

இனி இடம். கோத்தகிரி ரோட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு சமையலறை பாயின்ட் போடப் போயிருந்தேன். இன்னமும் விறகடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே இடைவெளி விட்டுப் பலகை போட்ட பரண். அதில் வெங்காயம், பழைய முறம், அதன் பின்னால் கறுப்புக் காலிக்கோ துணி போட்டு பைண்டு செய்த தடிமனான புத்தகங்கள். ஒன்றை இறக்கி விளக்கடியில் பிரித்தேன். ராணி காமிக்ஸ், பன்னிரண்டு இதழ் ஒரே பைண்டு. ஓரமெல்லாம் புகை ஏறிப் பழுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் அடுப்படி வாசனை. ஆனால் உள்ளே ஒரு புள்ளி பூசணம் இல்லை, ஒரு பூச்சி ஓட்டை இல்லை, ஸ்டேப்ளர் பின்கூடத் துருப்பிடிக்கவில்லை. முதல் தாளில் நீல பால்பாயின்ட் பேனாவில், "வாடகை ஒரு நாளைக்கு 10 காசு. அட்டையை மடிக்கக் கூடாது. எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது" என்று எழுதி, கீழே கோடு போட்டு, வாங்கிப் போன பையன்களின் பெயர் எழுத்தும் தேதியும். இரண்டு பேர் திருப்பித் தரவில்லை போல, அவர்கள் பெயரைச் சுற்றிக் கோபமாக வட்டம் போட்டிருந்தது.

"பாட்டி, இந்த புக்கெல்லாம் யாரோடது?"

"எம் மவன் சேத்து வச்சது தம்பி. அவன் பெங்களூரு போயி எத்தினி வருஷமோ ஆச்சு. பேப்பர்காரன் வந்தா எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க பாட்டி. எடைக்குப் போட்டா முப்பது ரூபா வரும், நான் அதுக்கு மேல தர்றேன். ஆனா அவர் சரின்னு சொல்லணும்."

போன் போட்டுக் கொடுத்தார்கள். அந்த முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் ஒவ்வொரு கதையாக விசாரிக்க ஆரம்பித்தார். கடைசியில் பத்துக் காசு கணக்கு எழுதின பைண்டை மட்டும் அம்மாவிடம் வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விலையும் அவரே சொன்னார், நியாயமாகத்தான் இருந்தது. இந்த போன் விஷயத்தில் நான் கறார். வீட்டுப் பெரியவர்கள் தூக்கிக் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்தால், சித்திரை லீவுக்கு வருகிற மகன் தேடுவான், மலையில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கண் தானாக இடத்தைத்தான் பார்க்கிறது. அடுப்புக்கு மேல் பரண், புகைபோக்கி ஓரம், வீட்டின் நடு அறையில் இருக்கும் மர அலமாரி, இவையெல்லாம் நல்ல இடங்கள். மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்பக்கத்துப் பின்சுவர் எப்போதும் கசியும், அதை ஒட்டிய இரும்பு பீரோவில் என்ன இருந்தாலும் ஆசை வைக்காதீர்கள். மாடிப்படிக்கு அடியும் அப்படித்தான். டிரங்குப் பெட்டி பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் இங்கே பகலுக்கும் ராத்திரிக்கும் குளிர் வித்தியாசத்தில் தகரம் உள்பக்கம் வேர்த்துவிடும், மேல் இதழின் அட்டையில் துருக்கோடு விழும். பெட்டியைத் திறந்ததும் அடி இதழைப் பாருங்கள், மேலே இருப்பதை வைத்து விலை பேசாதீர்கள்.

பைண்டு புத்தகம் பற்றி சேகரிப்பவர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. பைண்டு செய்தவர் மூன்று பக்கமும் கத்தி போட்டு ஓரம் வெட்டியிருப்பார், சில சமயம் அட்டைகளைக் கிழித்து எறிந்திருப்பார், ஆகவே தனி இதழுக்குத்தான் விலை என்பார்கள். சந்தையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மலையில் நான் பார்த்த வரைக்கும் பிழைத்தது பைண்டுதான். இறுக்கிக் கட்டியதால் ஈரக்காற்று தாளுக்கு இடையில் நுழைவதில்லை, ஓரத்தோடு நின்றுவிடுகிறது. அதை உடைத்துத் தனித்தனியாக விற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

பேப்பர் கடைக்கு வருவோம். அங்கே தினமும் போக வேண்டியதில்லை, போக வேண்டிய நேரத்தில் போனால் போதும். பொங்கலுக்கு முந்தின வாரம் முக்கியம், போகிக்குக் கழிக்கிற வீடெல்லாம் கடைக்குத்தான் போடுகிறது. அப்புறம் பரீட்சை முடிந்த ஏப்ரல், மே. அதே சமயத்தில்தான் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிப்பு முடித்து அதிகாரிகள் குடும்பத்தோடு கிளம்புவார்கள், ஆங்கிலக் காமிக்ஸான ஆர்ச்சியும் டின்டினும் கமாண்டோ சிறு புத்தகங்களும் கிலோக் கணக்கில் வரும். ஊட்டிப் பக்கம் இந்து நகரில் புகைப்பட ஃபிலிம் ஆலை நொடித்துப்போய் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் ஊர் ஊராகக் கிளம்பிய காலத்தில் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகக் காலியாகி வந்த பழைய புத்தகம் கொஞ்சநஞ்சமல்ல என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

நான் போகிற கடை பாய்க்கு நான் ஒரு தொல்லை, ஆனால் அவர் கடை மீட்டர் போர்டு என் பொறுப்பு.

"பாய், பொம்மைக் கதை ஏதாச்சும் வந்துச்சா?"

"அந்த மூலைல பாருங்க. சரக்கு வண்டி நாளைக்கு கீழ எறங்கிரும், அதுக்குள்ள எடுத்துக்கங்க. கலைச்சுப் போட்டுட்டுப் போயிராதீங்க, போன வாட்டி அடுக்கவே அரை நாள் ஆச்சு."

'காமிக்ஸ் இருக்கா' என்று கேட்டால் பல கடைகளில் இல்லை என்றுதான் பதில் வரும். பள்ளி நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில் பாருங்கள், பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தது அங்கேயேதான் இருக்கும். இன்னொன்று, லாரி எந்தக் கிழமை மேட்டுப்பாளையம் இறங்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிவிட்டால் அது தாளாலைக் கூழ்தான். விலை எடைக்கணக்கில் சொன்னாலும் இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த முறை தனியே எடுத்து வைப்பது அந்தக் கூடுதல் காசுக்காகத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் நடுப்பக்கம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது அதுதான், நடுப்பக்கம் இல்லாத இதழ்கள் ஏராளம். அடுத்து கடைசித் தாள், அடுத்த இதழ் விளம்பரத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிய பையன்கள் அக்காலத்தில் அதிகம், வெட்டும்போது கதையின் முடிவும் பின்பக்கத்தோடு போயிருக்கும். முத்து, லயன் என்றால் மறுபதிப்பா என்று பாருங்கள். பழைய கதைகளை அவர்களே காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற வரிசையிலும் பிற்பாடு வேறு வடிவிலும் மறுபடி போட்டிருக்கிறார்கள். எழுபதுகளின் முதல் முத்து இதழ்களில் விலை காசுக்கணக்கில் இருக்கும். மறுபதிப்பைப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதற்கு முதல் பதிப்பின் விலை கொடுக்க வேண்டாம். கலர் ஜெராக்ஸ் போட்டு ஒரிஜினல் என்று விற்கிறவர்களும் உண்டு. அட்டையைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் நிறம் ஒழுங்கான வரிசைப் புள்ளிகளாகத் தெரியும். ஜெராக்ஸில் அந்தப் புள்ளிகள்மேல் இன்னொரு கலங்கல் படிந்திருக்கும், அட்டை பழையதாக இருந்தாலும் ஸ்டேப்ளர் பின் மட்டும் பளபளக்கும். உள்தாள் விரலுக்கு வழவழவென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பூசணம் பூத்த இதழ் கிடைத்தால் என்ன செய்வது? வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், மற்றவற்றுக்கும் பரவும். நம் ஆட்கள் உடனே மொட்டை மாடியில் வெயிலில் விரிப்பார்கள். இந்த உயரத்து வெயில் சுள்ளென்று இருக்கும், மட்டமான செய்தித்தாள் காகிதம் ஒரு மதியத்திலேயே மொறமொறவென்று ஆகிவிடும், அட்டையின் சிவப்பு வெளுத்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், ஃபேனை நேராகத் திருப்பாமல் உலர விடுங்கள். பக்கங்களுக்கு நடுவில் அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, அதற்கு முன் கூடவே கூடாது, புது பெயின்ட் பிரஷ் கொண்டு வாசலில் நின்று மெல்லத் தட்டிவிட வேண்டும், மூக்கைக் கட்டிக்கொண்டு. ஈரத்தோடு துடைத்தால் பூசணம் தாளுக்குள் இறங்கிப் பச்சைக் கறையாக நின்றுவிடும். ராமபாணப் பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள், வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறங்கள், இல்லையேல் தாள்மேல் நீர் முத்து முத்தாகப் பிடிக்கும். வீட்டுக்காரியிடம் முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் ஃப்ரீசரைத் திறந்து மீனைத் தேடியவளுக்கு ஜேம்ஸ் பாண்ட் கிடைத்தார், அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.

துருப்பிடித்த பின்னை இழுக்கக் கூடாது. நடுப்பக்கத்தில் மடங்கிய கால்களை மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாகத் தள்ளி எடுத்துவிட்டு, அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டிவிடுங்கள்.

வைத்துக் காப்பதுதான் பெரிய பாடு. முன்பெல்லாம் இங்கே துணி பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரிய விட்டிருப்பார்கள். பெயர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் இழுக்கும், அந்தச் சூட்டில் பீரோ காயும். இப்போது வருகிற எல்.இ.டி.யில் வெளிச்சம்தான் வருகிறது, சூடு இல்லை, பல்பு எரிகிறதே என்று நம்பிப் பூசணம் பிடிக்கவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பழைய மாதிரி இழை பல்பு கிடைத்தால் அடித்தட்டில், கம்பி வலைக்கூண்டுக்குள், காகிதத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். துணி தொங்கி பல்பில் பட்டுக் கருகிய கதை எனக்குத் தெரியும், ஆகவே ஹோல்டரையும் வயரையும் தெரிந்த ஆளை வைத்து மாட்டுங்கள். இதை வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. சின்ன ஈரப்பத மானி ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி, அறுபத்தைந்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூசணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்ததாக அர்த்தம். சிலிக்கா ஜெல் வாங்கினால் ஆரஞ்சு நிறக் குருணையாக வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும், சூடு காட்டி உலர்த்தி மறுபடி போடலாம். அலமாரி வெளிச்சுவரைத் தொடக்கூடாது, நாலு விரல் இடைவெளி போதும்.

உறை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. புது மழைக்கோட்டு வாடை அடிக்கும் தடித்த பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், அட்டை மை அதில் ஒட்டிக்கொள்ளும். ரெடிமேட் சட்டைக்குப் போடுகிற கரகரக்கும் பாலிப்ராப்பிலீன் கவர் மலிவு, நல்லதும்கூட. வாயை ஒட்டாமல் விடுங்கள். லேமினேஷன் செய்கிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

காமிக்ஸ் தேடப் போய்க் கூடவே வேறு சிலதும் சேர்ந்துவிட்டது. தியேட்டர் வாசலில் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், தீபாவளி மலர்கள், பபிள்கம் வாங்கினால் கிடைத்த கிரிக்கெட் அட்டைகள். இவற்றில் பாட்டுப் புத்தகம்தான் நோஞ்சான், அப்பளம் மாதிரி நொறுங்கும் என்று சொல்ல வந்தேன், அப்பளமாவது கொஞ்சம் தாங்கும். என் பெருமைக்குரிய பொருள் என்று கேட்டால் இந்து நகரில் தயாரான 'இந்து' ஃபிலிம் சுருளின் பிரிக்காத அட்டைப் பெட்டிதான். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒன்றுமில்லை. இங்கே அதைக் கையில் கொடுத்தால், அங்கே வேலை பார்த்தவர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஷிப்டு நேரத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்கள்.

இரண்டு பிரதி இருப்பதை நான் விற்பதில்லை, மாற்றிக்கொள்கிறேன். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள். ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்காமல் ஆயிரங்களில் விலை சொல்பவர்களும் வருவார்கள், அவர்களிடம் வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நமக்கு மோசமான மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆடி மழையில் நனையும், குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் வலுவாக இறங்கும், வாரக்கணக்கில் துணி காயாது. அந்த நேரத்துக்கு முத்துவையும் பைண்டுகளையும் மட்டும் அட்டைப்பெட்டியில் கட்டி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் அக்கா வீட்டுக்கு இறக்கிவிடுகிறேன். அங்கே இவ்வளவு ஈரம் இல்லை, ஆனால் கரையான் உண்டு, அதனால் தரையில் வைக்காமல் ஸ்டீல் ரேக்கில், கால்களுக்கு அடியில் எண்ணெய் ஊற்றிய கிண்ணம் வைத்து. தை பிறந்ததும் திருப்பி ஏற்றுவேன். அதற்குள் அக்கா மகன் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிடுகிறான். படிக்கட்டும், சாம்பார் சாதத்தோடு உட்காராதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.